வாசகர் கேட்டவை: கட்டிய கைதான் கழற்ற வேண்டும்

சென்ற இதழில் ரயில் பெட்டிகளுக்குக் கீழே வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு தாய் கேட்ட கேள்விக்கு இடமில்லாமல் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தேன். அது போதாது என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. அந்தத் தாயின் கேள்வியையே மறுபடி எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

கேள்வி: என் மகன் ரொறன்ரோவில் ரயில் யார்ட் ஒன்றில் பெட்டி திருத்துகிற வேலையில் இருக்கிறார். "நீலக்கொடி போட்டாத்தான் அம்மா நான் கீழ போவன், பயப்பிடாதீங்கோ" என்று போனில் சொன்னார். ஆபத்துக்குச் சிவப்புக் கொடிதானே? இது என்ன நீலம்?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

அம்மா, உங்கள் மகன் "போட்டாத்தான்" என்று சொன்னாரே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு யாரோ போட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அவர் குனிவதில்லை. தானோ தன்னுடைய குழுவோ போட்ட பிறகுதான் குனிகிறார். கனடாவிலும் அமெரிக்காவிலும் ரயில் பாதையில் இந்த நீலம் சொல்வது ஒன்றைத்தான்: இந்தப் பெட்டிகளின் மேலேயோ கீழேயோ இடையிலேயோ ஆள் இருக்கிறார். பகலில் கொடி, இரவில் விளக்கு. கனடாவின் ரயில் இயக்க விதிகளில் இது 26ஆம் விதி. நீலம் தெரிகிறவரைக்கும் அந்தப் பெட்டிகளை ஒரு அங்குலம்கூட அசைக்கக் கூடாது, அவற்றோடு வேறு எதையும் கொண்டுவந்து கொழுவக் கூடாது, அந்த அடையாளத்தை மறைக்கிற மாதிரி அதே பாதையில் இன்னொரு வண்டியை நிறுத்தவும் கூடாது.

இதெல்லாம் நாமே ஊகிக்கக்கூடியதுதான். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்து வருகிற விதி. கொடியைக் கட்டிய தொழில் பிரிவினர் மட்டும்தான் அதைக் கழற்றலாம். ரயில் பிந்திவிட்டது என்று சாரதி கழற்ற முடியாது, யார்ட்டின் பெரிய அதிகாரி வந்து நின்றாலும் முடியாது. கீழே குனிந்திருக்கிற மனிதரின் உயிர் அவருடைய சொந்தப் பிரிவின் கையில்தான் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

சிவப்பு ஏன் இல்லை என்று கேட்டீர்கள். சிவப்பு எல்லோருக்கும் பொதுவான நிறம். சிக்னலில் சிவப்பு, கார்டின் கையில் சிவப்பு, கடவைப் படலையில் சிவப்பு, கடைசிப் பெட்டியின் வால் விளக்கும் சிவப்பு. அதோடு சிவப்பு என்பது மாறப்போகிற நிறம். சிவப்பைப் பார்த்து நிற்கிற சாரதி, கொஞ்ச நேரத்தில் பச்சை வரும் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நிற்பார், அவருடைய வேலையே அப்படி. நீலம் பச்சையாக மாறாது. ஆள் வெளியே வந்தால்தான் அது போகும்.

எல்லா நாட்டிலும் நீலம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் பெட்டி பரிசோதிக்கிறவர்கள் ரயிலின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி நடுகிறார்கள், இரவில் சிவப்பு விளக்கு. பிரித்தானியாவில் "நகர்த்தக் கூடாது" என்று எழுதிய பலகையைத் தொங்கவிடுகிறார்கள். ஜெர்மனியில் வெள்ளைக் கரை வைத்த சிவப்புச் செவ்வகத் தகடு. நம்முடைய பாதை 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை பிரித்தானியர் போட்டது, அதனால் சிவப்பு, பச்சை என்கிற அந்தப் பாஷைதான் நமக்கும் பழக்கம். எந்த நிறமானாலும் அதைக் கழற்றுகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கேளுங்கள்.

கேள்வி: நிற்கிற ரயிலுக்குக் கீழே போவதற்கு இத்தனை கொடியும் விளக்கும் எதற்கு? அது அசைந்தால் சத்தம் கேட்குமே, ஓடி வரலாமே?
(வாசகர், மருதானை)

கேட்காது ஐயா. இப்படி எழுதியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், பாதைக்கு மேலே நின்று பார்க்கிற எல்லோருக்கும் ரயில் என்றால் சத்தம்தான். கீழே படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிக மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் பாரத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ விசை இருந்தால் உருண்டுகொண்டே போகும். 40 டன் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், 80 கிலோ விசை. பிரேக் பிடிக்காத ஒரு பெட்டியை மூன்று நான்கு பேர் தோளைக் கொடுத்துத் தள்ளினால் நகர்த்திவிடலாம் என்று இதற்கு அர்த்தம். 500 அடிக்கு 1 அடி சரிவு இருந்தால் யாரும் தள்ளவே வேண்டாம், பூமியே தள்ளிவிடும். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. மெதுவாக உருளத் தொடங்குகிற பெட்டி சத்தம் போடாது. பக்கத்துப் பாதையில் ஒரு என்ஜின் உறுமிக்கொண்டு நின்றாலோ கோட்டைப் பக்கம் போகிற வண்டி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தாலோ கொஞ்சநஞ்சம் கேட்பதும் போய்விடும்.

அடுத்தது தூரம். எட்டுப் பெட்டி கோர்த்த வண்டி 160 மீற்றருக்குக் குறையாது. ஒரு முனையில் என்ஜினைக் கொண்டுவந்து கொழுவுகிறவருக்கு மறுமுனையில் சில்லுக்குப் பக்கத்தில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது. அவர் மெதுவாகத்தான் கொழுவுகிறார், தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த இடி பெட்டி பெட்டியாகத் தாவிக் கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. மருதானை தாண்டித் தெமட்டகொடைப் பக்கம் வண்டி மெதுவாகும்போது ஜன்னலால் எட்டிப் பாருங்கள், நிறுத்திவைத்த பெட்டிகளின் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். ஒரு முறை அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் சரளைக்கல்லின் மேல் ஒரு சோடி ரப்பர் செருப்பு மட்டும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். போட்டவரைக் காணவில்லை, அவர் கீழே இருந்திருக்கிறார். என் வண்டி கடந்துவிட்டது. அந்தச் செருப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை, இந்தப் பக்கத்தை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரேக் போட்டிருக்குமே என்பீர்கள். இங்கேதான் கஷ்டம். பிரேக் கட்டையை மாற்றுகிற வேலையை நினைத்துப் பாருங்கள். பிரேக் பிடித்திருக்கும்வரை அந்தக் கட்டை சில்லை இறுக்கிக்கொண்டிருக்கும், கழற்றவே முடியாது. அதனால் முதலில் பிரேக்கை விடுவிக்க வேண்டும். அதாவது மனிதர் உள்ளே தலையை நுழைக்கிற அந்த நேரத்தில்தான் பெட்டியைப் பிடித்து நிறுத்த அதன் பிரேக் இல்லை. (சில்லுக்கு ஆப்பு வைப்பார்கள், மற்றப் பெட்டிகளில் கைப் பிரேக் இறுக்குவார்கள், அதெல்லாம் கட்டாயம் வேண்டும்.) சில்லு அசையாவிட்டாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. காற்றுப் பிரேக் உள்ள வண்டியில் முன்னால் இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் சிலிண்டரின் தண்டு பாய்ந்து வரும், கட்டை போய்ச் சில்லில் அறையும். இடையில் விரல் இருந்தால் விரல் இல்லை. அதற்காகத்தான் அமெரிக்க விதியில், வண்டியோடு என்ஜின் சேர்ந்திருந்தால் முனையில் கொடி கட்டினால் மட்டும் போதாது, சாரதி உட்காருகிற இடத்தில் அவர் கண்ணில் படும்படி ஒரு நீல அடையாளத்தை வைத்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. கைப்பிடிக்குக் கை போகும்போது அது கண்ணில் பட்டுவிடும்.

கேள்வி: யார்ட்டில் வேண்டுமென்றே ரயிலைத் தடம்புரள வைக்கிற கருவி ஒன்றைப் பாதுகாப்புக்காக வைக்கிறார்கள் என்று படித்தேன். இது உண்மையா? விளங்கவில்லை.
(மாணவர், மொறட்டுவை)

உண்மைதான் தம்பி. டீரெயில் என்பார்கள். தண்டவாளத்தின் மேல் கவிழ்த்துப் போடுகிற ஒரு இரும்புக் கட்டை, அதன் முதுகு சாய்வாக இருக்கும். உருண்டு வருகிற சில்லு அதன் மேல் ஏறிப் பக்கவாட்டில் சரளைக்கல்லுக்குள் இறங்கிவிடும். கல்லுக்குள் புதைந்த சில்லு வெகுதூரம் போகாது.

கொடியைப் பார்த்து நிற்பதற்குக் கண் வேண்டும். ஆள் இல்லாமல் தானாக உருண்டு வருகிற பெட்டிக்கு யார் கொடி காட்டுவது? அதற்காகத்தான் கொடியோடு இரும்பையும் வைக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி பிரதான பாதை அல்லாத பாதைகளில் இரண்டு வழி உண்டு. அந்தப் பாதைக்குள் வருகிற பொயிண்ட் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடுகிற தண்டவாள அமைப்பு) ஒவ்வொன்றையும் வேறு பக்கம் திருப்பிப் பூட்டுப் போட்டு, அதற்குப் பக்கத்தில் நீல அடையாளம் வைக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியின் முனையிலிருந்து 150 அடிக்குக் குறையாத தூரத்தில், அதாவது ஏறக்குறைய 46 மீற்றரில், டீரெயிலைப் போட்டுப் பூட்டி அதற்கும் ஒரு நீல அடையாளம் வைக்கலாம். என்ஜின் திருத்துகிற இடங்களில் வேகம் மணிக்கு 5 மைலுக்கு மேல் போகாது என்று கட்டுப்படுத்தியிருந்தால் 50 அடி போதும். வேகம் குறைந்தால் தூரமும் குறையலாம், அவ்வளவுதான் கணக்கு.

தடம்புரண்ட பெட்டியைக் கிரேன் கொண்டுவந்து மறுபடி ஏற்றிவிடலாம், செலவாகும், நேரம் போகும். அந்தச் செலவை விதி எழுதியவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு ரயிலில் ஒரே நேரத்தில் பிட்டர்மாரும் மின்சார வேலைக்காரரும் நின்றால் ஒரு கொடி போதாதா? ஆளுக்கொரு கொடி என்றால் வேலை இழுபடுமே.
(தெமட்டகொடையிலிருந்து ஒருவர், "இந்தத் தொழிலோடு சம்பந்தம் உள்ளவன்" என்று மட்டும் போட்டிருக்கிறார்)

அண்ணே, தொழில் தெரிந்த ஆளாக இருந்துகொண்டு நீங்களே கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். போதாது.

இப்படி யோசியுங்கள். காலையில் பிட்டர்மார் நான்கு பேர் வருகிறார்கள், கொடி கட்டுகிறார்கள், கீழே போகிறார்கள். பத்து மணிக்கு மின்சார வேலைக்காரர் ஒருவர் வருகிறார், கொடி ஏற்கனவே இருக்கிறது, அவரும் நம்பி மூன்றாவது பெட்டிக்குக் கீழே போகிறார். பதினொன்றரைக்குப் பிட்டர்மாரின் வேலை முடிகிறது. நான்கு பேரும் வெளியே வந்தாயிற்று, தலையை எண்ணியாயிற்று, தங்கள் கொடியைத் தாங்களே ஒழுங்காகக் கழற்றிக்கொண்டு பிளேன்டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. மூன்றாவது பெட்டிக்குக் கீழே ஒருவர் இருக்கிறார், அவருக்கு இப்போது உலகத்தில் ஒரு காவலும் இல்லை, அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

இதனால்தான் ஒவ்வொரு பிரிவும் உள்ளே போகும் முன் தன்னுடைய அடையாளத்தைத் தானே வைக்க வேண்டும் என்று விதி. ஒரே முனையில் மூன்று கொடி தொங்கினால் மூன்று குழு உள்ளே இருக்கிறது. இரண்டு கழன்றாலும் மூன்றாவது தொங்குகிறவரை வண்டி நகராது. வேலை இழுபடும் என்கிறீர்கள். கொடி கட்ட எவ்வளவு நேரம் போகும், நீங்களே சொல்லுங்கள்.

பொயிண்டைத் தூரத்து அறையிலிருந்து இயக்குகிற இடங்களிலும் இதே ஒழுங்குதான். அங்கே வேலைக்குப் பொறுப்பானவர் அந்த அறைக்கு அறிவிக்க வேண்டும், அறையில் இருப்பவர் பொயிண்டைத் திருப்பி அதை இயக்குகிற நெம்புகோலில் அல்லது பொத்தானில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கீழே போகலாம். பொறுப்பானவர் வாய் திறந்து "எல்லாரும் வெளியில வந்தாச்சு" என்று சொல்லாமல் அந்தப் பூட்டு கழரக் கூடாது. எந்தப் பாதை, யார் அறிவித்தது, எத்தனை மணிக்கு, முடிந்தது எத்தனை மணிக்கு என்று எழுதி 15 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

அமெரிக்க விதியில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் இருக்கிறது. பெட்டிக்குக் குடிநீர் நிரப்புவது, ஐஸ் ஏற்றுவது, காகிதம் பென்சில் கொண்டுபோய் வைப்பது மாதிரியான வேலைகள் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. திருத்த வேலை இல்லை என்பது அவர்களுடைய நியாயம். தண்ணீர்க் குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படியில் ஒற்றைக் காலில் நிற்பவருக்கும் அதே இடிதான் வந்து சேரும், அவரும் விழுந்தால் சில்லுக்குப் பக்கத்தில்தான் விழுவார். அவருக்கும் ஒரு கொடி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது. ரயில்வே வேலை கிடைக்காது என்கிறார்கள். நீலமாவது எனக்குத் தெரியுமா?
(21 வயது இளைஞர், பம்பலப்பிட்டி)

சிவப்பு–பச்சைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நீலம் பெரும்பாலும் நன்றாகவே தெரியும் தம்பி. ஆனால் ரயில் ஓட்டுகிற, சிக்னல் பார்க்கிற வேலைக்கு அது போதாது, அங்கே சிவப்பும் பச்சையும்தான் எல்லாம். 1875இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு, ஹோல்ம்கிரேன் என்ற பேராசிரியர் பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்துப் பொருத்தச் சொல்லி ரயில் ஊழியர்களின் கண்ணைச் சோதிக்கத் தொடங்கினார். நிறப் பார்வைச் சோதனை ரயில் வேலைக்குள் நுழைந்தது அப்படித்தான். கணக்குப் பிரிவு, களஞ்சியம், அலுவலகம் என்று எத்தனையோ வேலை இருக்கிறது, முதலில் ஒரு கண் வைத்தியரிடம் போய் எந்த வகை, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சின்ன வயதில் கோச்சி நின்றதும் ஒருவர் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு வந்து சில்லு சில்லாகத் தட்டிக்கொண்டு போவார். எதற்கு என்று யாரும் சொன்னதில்லை.
(78 வயது வாசகர், கொட்டாஞ்சேனை)

கோச்சி என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாள் ஐயா! சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போமே, அதேதான். நல்ல சில்லு மணி மாதிரி நாதம் விடும். வெடிப்பு இருந்தாலோ சில்லின் இரும்பு வளையம் தளர்ந்திருந்தாலோ "டொக்" என்று செத்த சத்தம் வரும். அந்த மனிதரின் காதை நம்பித்தான் நூற்றுக்கணக்கானவர்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். இப்போது செவிக்கு எட்டாத ஒலி அலையை இரும்புக்குள் அனுப்பி வெடிப்பைத் தேடுகிற கருவிகள் வந்துவிட்டன. கருவி வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சில்லுக்குப் பக்கத்தில் குனியத்தான் வேண்டும்.

கேள்வி: நான் வேலை செய்வது தையல் தொழிற்சாலையில். ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. இதில் எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?
(வாசகி, வத்தளை)

உங்களுக்குத்தான் தங்கச்சி நிறைய இருக்கிறது. இதற்கு என் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறேன்.

எழுத வருவதற்கு முன் கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தேன். அங்கே என்னோடு இருந்த ஒரு அண்ணர் ஒரு நாள் மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டு, சுவரில் இருந்த மெயின் சுவிட்சையும் கீழே தள்ளிவிட்டு, உருளைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் இருந்தது மறுபக்கத்துச் சுவரில், நடுவில் காகிதக் கட்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அந்த வழியால் வந்த ஒருவர் சுவிட்ச் கீழே கிடப்பதைப் பார்த்தார். ட்ரிப் ஆகிவிட்டது என்று நினைத்தார். உதவி செய்வதாக நினைத்துத்தான் மேலே தள்ளினார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அவர் கெட்டவர் இல்லை. யாரோ ஏற்கனவே மிஷினை ஓட வைக்கிற பொத்தானை அழுத்திய நிலையில் விட்டிருக்க வேண்டும், மிஷின் சுற்றத் தொடங்கியது. முதலில் துணியின் நுனி உள்ளே போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கறுப்பு மை பட்ட மஞ்சள் துணி, அது நழுவி உள்ளே போகிறது, அண்ணர் அதை விடாமல் இழுக்கிறார், துணியை மீட்கிற பழக்கத்தில்தான் இழுத்தார். இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு இருக்கும்போது அவர் என்னிடம் கேட்டது "ஆர் போட்டது?" என்று மட்டும்தான்.

அந்தச் சுவிட்சில் ஒரு மட்டைத் துண்டு தொங்கியிருந்தால், அதில் அவர் பெயர் இருந்திருந்தால் வந்தவர் கையைப் பின்னால் இழுத்திருப்பார். ஒரு சின்னப் பூட்டும் போட்டிருந்தால் நினைத்தாலும் தள்ளியிருக்க முடியாது.

அமெரிக்காவில் 1989இல் தொழிற்சாலைகளுக்கு இதையே சட்டமாக்கினார்கள். மிஷினைத் திருத்துகிற ஒவ்வொருவரும் மின்சாரம் வருகிற இடத்தில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், திறப்பு அவருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஆறு பேர் வேலை செய்தால் ஆறு பூட்டு தொங்குவதற்கு ஓட்டைகள் வைத்த கொக்கி விற்கிறார்கள். கடைசி ஆள் தன் பூட்டைத் திறக்கிறவரை மிஷின் உயிர் பெறாது. நீலக்கொடியேதான், இரும்பில் செய்தது. நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான மிஷின் பாகங்களுக்கு மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது, காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் தெரிந்து வையுங்கள்.

நாளைக்கே உங்கள் பகுதி மேற்பார்வையாளரிடம் போய், ஊசி மாற்றும்போதும் பெல்ட் கழன்றால் மாட்டும்போதும் மோட்டாரை நிறுத்துவது யார், நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கும் என்று யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் ஒரு பூட்டும், ஒரேயொரு திறப்பும், பெயர் எழுத ஒரு மட்டையும் வாங்கித் தரச் சொல்லுங்கள். லிஃப்ட் திருத்துகிறவர்கள், பேக்கரியில் மா பிசைகிற மிஷினைக் கழுவுகிறவர்கள், வீட்டில் மேலே ஏறி மின்விசிறி மாட்டுகிற பாஸ், எல்லோருக்கும் இது பொருந்தும். பாஸ் ஏணியில் நிற்கும்போது பிரேக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் ஒருவர் நிற்பது கூட ஒரு நீலக்கொடிதான்.

கேள்வி: பயணிகள் நாங்கள் இதில் என்ன செய்யலாம்?
(வாசகர், தெகிவளை)

முதலில், அடுத்த மேடைக்குப் போக நின்றுகொண்டிருக்கிற பெட்டிக்குக் கீழாலும் இரண்டு பெட்டிக்கு நடுவாலும் நுழைவதை விடுங்கள். மேலே சொன்ன அத்தனை கொடியும் பூட்டும் தெரிந்தே உள்ளே போகிற தொழிலாளிக்கு. உங்களுக்காக யாரும் கொடி கட்டவில்லை, நீங்கள் அங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது. பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை கடற்கரைப் பாதையில் தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கடல் இரைச்சலில் பின்னால் வருகிற வண்டி கேட்காது, காதில் பாட்டும் மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, வண்டி பத்து நிமிஷம் பிந்தி நிற்கிறது, கீழே யாரோ எதையோ இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ஜன்னலால் தலையை நீட்டி "கெதியா முடியுங்கோ" என்று சத்தம் போடாதீர்கள். அவசரப்படுத்தப்பட்ட மனிதர்தான் கொடி கட்டாமல் குனிவார்.

கேள்வி: அதே வெள்ளவத்தைத் தாய் கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறார்: "வேலை நேரத்தில் போன் எடுத்தால் மகன் கதைப்பதில்லை. கோபமா என்று தெரியவில்லை. நான் எப்போது எடுக்கலாம்?"

கோபம் இல்லை அம்மா. சில்லுக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் கவனம் ஒரு நொடி அங்கே போகும், அந்த நொடி அவருக்கு வேண்டும். பின்னால் கூப்பிடுகிற குரலைக் கேட்கக் காதும் வேண்டும். வேலை நேரத்தில் எடுக்காதீர்கள்.

ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் 9½ மணி நேரமும் குளிர்காலத்தில் 10½ மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அவருக்கு இரவு வேலை, காலை 7 மணிக்கு முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது இங்கே கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. வெளியே வந்து, கை கழுவி, வீட்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். விளக்கு வைத்துவிட்டு 7 மணிக்கு எடுங்கள், கதைப்பார்.